எங்கள் வீட்டிலிருந்து வந்தது

ஜூன் 11, 2024

பள்ளி திறந்து இரண்டாம் நாள். பன்னிரண்டாம் வகுப்பில் பாதிப் பாடத்தில் உடம்பெல்லாம் கொதித்து வியர்த்தது. ஹார்மோன் ஊசியின் வேலை. புராஸ்டேட் புற்றுநோய் என்று ஆவுடையார்கோவிலில் யாரிடமும் சொல்லவில்லை. ஆத்மநாதன் சாருக்குச் சுகர் என்று ஊர் பேசிக்கொள்கிறது. பேசட்டும்.

ஜூன் 27

திருச்சி போய் வந்தேன். பெங்களூருக்கு அனுப்பிய மரபணுப் பரிசோதனையின் முடிவு வந்துவிட்டது.

டாக்டர் பிளெஸ்ஸி மெதுவாகத்தான் சொன்னார். "உடைஞ்ச டி.என்.ஏ.வைச் சரிபண்ற புரதம் ஒண்ணு இருக்குல்ல சார், பி.ஆர்.சி.ஏ.2. அதோட மரபணுல ஒரு பிரதி உங்களுக்குப் பிறவியிலேயே பழுது. இன்னொண்ணு புராஸ்டேட்ல போயிருச்சு. கட்டியில பி53-யும் வேலை செய்யல."

பழுதைக் கண்டால் செல் பிரிவதை நிறுத்துவது பி53. சரிசெய்ய முடியாவிட்டால் அந்தச் செல்லையே சாகவிடும். இருபத்தெட்டு வருடமாக நான் கரும்பலகையில் எழுதிப்போட்டது. சரிசெய்யவும் ஆளில்லை, நிறுத்தவும் ஆளில்லை என்றால்? பிரிந்துகொண்டே போகும். போகிறது.

"குடும்பத்துல வேற யாருக்காச்சும்?"

தங்கை ராசாத்தி. மார்பில். முப்பத்தெட்டு வயதில் போனாள்.

டாக்டர் பேனாவை மூடி வைத்தார். "பொண்ணுக்கும் இருக்கப் பாதிக்குப் பாதி வாய்ப்பு. சீக்கிரம் டெஸ்ட் பண்ணிருங்க."

ஜூன் 28

புருஷன் வீட்டார் படுத்திய பாட்டில்தான் ராசாத்திக்கு வந்தது என்று, பொன்னமராவதியில் அவர்கள் வாசலில் நின்று அம்மா மண்ணை வாரித் தூற்றினார். நான் தடுக்கவில்லை. ஆஸ்பத்திரியில் அவளிடமே, "கவலைப்பட்டே வரவழைச்சுக்கிட்டே" என்றேன். விலங்கியல் வாத்தியார் கண்டுபிடித்த காரணம். அவள் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள்.

ஜூலை 2

மகள் அன்புமொழிக்கு ஆவணியில் கல்யாணம். கௌசல்யா என் கையைப் பிடித்துக்கொண்டாள். "கல்யாணம் முடியட்டுங்க. அப்புறம் சொல்லிக்கலாம். இப்பச் சொன்னா அந்த வீட்டுல எடுப்பாகளா?"

பெற்றவள் கேட்கிறாள். ரிப்போர்ட்டைப் பீரோவில் வைத்துப் பூட்டினேன்.

ஜூலை 9

சொல்லவில்லை. கோழை.

ஜூலை 20

அன்பு வந்திருந்தாள். முகூர்த்தப் புடவையைத் தோளில் போட்டு கௌசல்யாவிடம் காட்டிக்கொண்டிருந்தாள். ரிப்போர்ட்டை எடுத்து நீட்டிவிட்டேன்.

படித்தாள். தேதியைப் பார்த்தாள்.

"மூணு வாரமா தெரியுமாப்பா?"

"ம்."

"பாடம் நடத்துறவருப்பா நீங்க."

புடவையை மடித்து வைத்தாள். கௌசல்யா அடுப்படிக்குப் போனவள் வெளியே வரவேயில்லை.

ஆகஸ்ட் 14

அவளுக்கும் இருக்கிறது.

மாப்பிள்ளை ராம்நாத்திடம் அவளே சொல்லிவிட்டாள். சாயங்காலம், கல்யாணம் வேண்டாமென்று அவன் அப்பா போன் செய்தார். "பொண்ணு தங்கமான பொண்ணுதாங்க. வம்சம்னு ஒண்ணு இருக்குல்லங்க." கெட்ட வார்த்தை ஏதாவது சொல்லியிருந்தால் திருப்பித் திட்டியிருப்பேன். வம்சம் என்பது சரியான சொல். அதுதான் வயிற்றெரிச்சல்.

"வாயத் தொறக்காம இருந்திருந்தா—" என்று ஆரம்பித்தாள் கௌசல்யா. முடிக்கவில்லை.

ஆகஸ்ட் 18

அன்பு அழவில்லை. மார்பு எம்.ஆர்.ஐ.க்கு நாள் வாங்கிவிட்டாள். சாப்பிடும்போது கேட்டாள்: "ராசாத்தி அத்தைக்கு ஒரு பொண்ணு உண்டுல்ல. அதுகிட்ட யாருப்பா சொல்வா?"

ஹேமா. தாய் போனபோது ஒன்பது வயது. அதற்குப்பின் நாங்கள் யாரும் பார்க்கவில்லை. இந்த இரண்டு மாதத்தில் ஒருமுறைகூட எனக்கு அவள் ஞாபகம் வரவில்லையே. எப்படி? என்ன மனிதன் நான்?

செப்டம்பர் 8

அன்புவின் எம்.ஆர்.ஐ.யில் ஒன்றும் இல்லை. வருடாவருடம் பார்க்க வேண்டும்.

இன்று இருவருமாகப் பொன்னமராவதி போனோம். ஹேமாதான் கதவைத் திறந்தாள். ராசாத்தியின் நெற்றி. என்னைத் தெரியவில்லை. சொன்னபிறகு, "உக்காருங்க சார்" என்றாள். மாமா என்று வரவில்லை. எப்படி வரும்?

எல்லாவற்றையும் சொன்னேன்.

"எங்கப்பாவாலதான் அம்மா செத்துச்சுன்னு ஒங்க வீட்டுல சொன்னாகளாமே?"

"ஆமாம்மா. தப்பு. எங்க வீட்டுலேருந்து வந்தது அது."

"அப்பா அதக் கேக்காமலே போயிட்டாரு" என்றாள். போன வருடமாம்.

பரிசோதனை எங்கே, எத்தனை நாளாகும் என்று அன்புவிடம் கேட்டாள். இருவரும் உள்ளே போய்ப் பேசிக்கொண்டிருந்தார்கள். காபி வந்தது, எனக்கும் ஒரு டம்ளர். அன்பு வெளியே வந்து, தான் இன்று இங்கேயே தங்கிவிட்டு நாளை ஹேமாவைத் திருச்சிக்குக் கூட்டிப்போவதாகச் சொன்னாள்.

நான் மூன்று மணி பஸ்ஸில் தனியாகத் திரும்பினேன்.