கௌபாய்க்குப் பொட்டு

செப்டம்பர் 7, ஞாயிறு

கோப்பெங்கில் இருக்கும் மங்களம் அக்கா ஒருவழியாக ஒரு கௌபாய் காமிக்ஸ் தந்துவிட்டார். எஸ்டேட்டில் அவரும் தம்பியும் சேர்த்தது பெட்டி நிறைய இருக்கிறது. கண்ணில் காட்டியதோடு சரி. "மொதல்ல இத ஸ்கேன் பண்ணிக் காட்டு லா. புடிச்சிருந்தா பெட்டிய எடுத்துட்டுப் போ." பரீட்சை! அதுவும் பழைய காமிக்ஸைக் கணினியில் புதுசாக்கும் எனக்கு.

செப்டம்பர் 9

ஸ்கேன் எடுத்துத் தரும் தர்மேந்திரனோடு சண்டை. தாளை வெளுக்கக் கூடாதாம். கரப்பான் அரித்த மூலையும் அப்படியே இருக்கணுமாம். "பழசு பழசாவே இருக்கட்டும் மச்சான்." அப்புறம் நான் எதற்கு, போட்டோஸ்டாட் கடை போதாதா என்றேன். மூஞ்சியைத் தூக்கிக்கொண்டு மைலோ குடித்தான்.

செப்டம்பர் 12

அட்டை முடிந்தது. கௌபாய் நெற்றியில் செம்பழுப்பாக ஒரு கறை, பூஞ்சை. அழித்துத் தோலுக்கு நிறம் கொடுத்தேன். பளபளக்கிறான்.

செப்டம்பர் 14, ஞாயிறு

அக்கா லேப்டாப்பையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"பொட்டு எங்க?"

என்ன பொட்டு?

"சரஸ்வதி பூசைக்கு ஸ்கூல் புக்குக்கு நடுவுல இதையும் சொருகிடுவான் என் தம்பி. சந்தனம் குங்குமம் வெச்சது அவன்தான். இப்ப அவனும் இல்ல. நீ பொட்டையும் அழிச்சிட்ட."

பெட்டி கிடையாது. போச்சு. ஈப்போவுக்குத் திரும்பும் வழியெல்லாம் கூட வந்த தர்மேந்திரன் ரேடியோவைச் சத்தமாக வைத்துக்கொண்டான். திட்டியிருந்தால்கூடத் தேவலை. பூஞ்சையாம் பூஞ்சை — எனக்குக் கண்ணு என்ன புண்ணா? நானும் வருஷா வருஷம் புத்தகத்துக்குப் பொட்டு வைத்து வளர்ந்தவன்தானே?

செப்டம்பர் 15

முதல் ஸ்கேனைத் தர்மேந்திரன் தனியே எடுத்து வைத்திருக்கிறான். "நீ இப்படிப் பண்ணுவேன்னு தெரியும் மச்சான்." படுபாவி, நல்லா இருக்கட்டும். இந்த முறை கிழிசலை மட்டும் சேர்த்தேன். கரப்பான் கடித்ததும் பத்திரம்.

செப்டம்பர் 21, ஞாயிறு

அக்கா திரையில் திரும்பி வந்த பொட்டை விரலால் தொட்டுப் பார்த்தார். உள்ளே போனார். பெட்டியோடு வந்தார்.

அக்டோபர் 1

ஆயுத பூசை. தர்மேந்திரன் ஸ்கேனருக்குப் பொட்டு வைத்தான்.

அக்டோபர் 5, ஞாயிறு

பெட்டியின் முதல் புத்தகம். பக்கத்துக்குப் பக்கம் ஒரே இடத்தில் சிவப்புப் புள்ளி — வில்லன் மூக்கில், குதிரை வாலில், நடுவானத்தில். ஸ்கேனர் கண்ணாடியில் குங்குமம் சிந்தியிருக்கிறது! துடைத்துவிட்டு எல்லாவற்றையும் மறுபடி எடுத்தோம். வில்லன் பக்கத்தை மட்டும் பொட்டோடு அக்காவுக்கு அனுப்பினேன்.

குரல் பதிவு வந்தது. பாதி சிரிப்பு, பாதி மூக்குறிஞ்சல். "என் தம்பி பண்ற வேலை மாதிரியே இருக்கு லா. இத அழிச்சிடாத."