மூன்றாம் கேமராவின் படம்

நாள் 61 — 09:10
நிலவின் தென்துருவ நிலையம், பட்டறை. எழுதுவது ஜெனிபா, பராமரிப்புப் பொறுப்பு. இங்கே மூன்று பேர்தான்: நான், கணவர் டெல்வின், நான்கு வயது மகள் ரியா.

மடிக்கணினியின் பழைய ஹார்டு டிஸ்க்கைக் கழற்றி எஸ்எஸ்டி போட்டாயிற்று. வேகம் அருமை, கொள்ளளவு பாதிதான். அதனால் வசிப்பறையைக் காட்டும் மூன்றாம் கேமராவுக்கு ‘இடம் சேமிப்பு’ முறை. அறையில் அசைவில்லையென்றால் மென்பொருள் பதிவு செய்வதில்லை. முன்பு பார்த்ததை வைத்துத் தானே வரைந்து காட்டும்.

வண்டியில் வெளியே போயிருக்கும் டெல்வின், ரேடியோவில்: “பழைய டிஸ்க்கக் கழத்திட்டியா? நல்லது. அது போடுற சத்தத்துக்கு உனக்க அம்மைக்கக் குறட்டையே தேவலாம்.”

ரியா வசிப்பறையில் தூங்குகிறாள்.

10:32
விண்கல் துணுக்கு. நடைவழி கிழிந்தது. இரு பக்கக் கதவுகளும் தாமாகப் பூட்டிக்கொண்டன. நான் இங்கே, பிள்ளை அங்கே. வசிப்பறையிலும் கசிவு. அங்குள்ள காப்பறைக்குள் போய்ப் பச்சைப் பொத்தானை அழுத்தினால் கதவு மூடித் தனிக் காற்று வரும். அவளுக்குப் பழக்கியிருக்கிறோம். எழுந்தால்தானே.

10:41
ஒலிபெருக்கியில் கத்துகிறேன். என் குரல் அங்கே கேட்கும். அவள் குரல் இங்கே வராது. மூன்றாம் கேமராவில் ஒருக்களித்துப் படுத்திருக்கிறாள். மூச்சு சீராக இருக்கிறது. ஏன் எழவில்லை?

ரேடியோவில் டெல்வின்: “ஏட்டி ஜெனி, பிள்ள எழும்பிச்சா?”

“இல்ல.”

“கரையாத, கண்ணத் தொடச்சிக்க. கூப்பிட்டுட்டே இரி. ஒரு மணிக்கூறுல வந்திருவேன்.”

அங்கே காற்று அரைமணிக்குத்தான்.

10:50
காற்று கசியும் அறை. திரைச்சீலை ஆடவே இல்லை.

ஐயோ.

அமைப்புப் பக்கத்தின் அடியில், பொடி எழுத்தில்: டிஸ்க் நிறைந்தால், அசைவு இருந்தாலும் வரைந்த படமே காட்டப்படும். நிறைந்துதான் இருக்கிறது. காலையில் குடும்ப வீடியோவையெல்லாம் நான்தான் இதில் ஏற்றினேன்.

10:53
ஞானஸ்நானம், முதல் பிறந்தநாள், அவள் நடந்த நாள், எல்லாம் அழித்தேன். உண்மைப் படம் வந்தது.

கட்டில் காலி. கேமராவுக்கு நேர் கீழே நிற்கிறாள். காதுகளைப் பொத்திக்கொண்டு, என்னைப் பார்த்து அழுகிறாள். எவ்வளவு நேரமாக நிற்கிறாளோ. நிற்கிற பிள்ளையைத்தான் எழும்பு, எழும்பு என்று கத்தியிருக்கிறேன்.

“மக்களே, சின்ன ரூமுக்குள்ள போயி பச்சப் பட்டன அமுக்கு. அம்மா இந்தா வாறேன்.”

போகிறாள்.

10:58
காப்பறைக்குள் நிற்கிறாள். கண்ணாடி வழியே கையசைக்கிறாள். பச்சை விளக்கு. ஆண்டவரே, நன்றி.

11:04
இன்னும் கையசைக்கிறாள்.

11:06
அதே அசைவு. கை மேலே, ஒரு நிறுத்தம், மறுபடி மேலே. டிஸ்க் நிறைந்துவிட்டது. எப்போது? விளக்கு உண்மையிலேயே எரிந்ததா, மென்பொருள் வரைந்து எரிய வைத்ததா? அழிக்க இந்தக் குறிப்பு தவிர ஒன்றுமில்லை. இதை அழித்தால் ஒரு நொடிப் படத்துக்குக்கூட இடம் வராது.

11:09
பட்டறையில் பழுதுபார்க்க வைத்த விண்வெளி உடை ஒன்று இருக்கிறது. முழங்கையில் கிழிசல், டேப் சுற்றியிருக்கிறேன். தாங்குமா, தெரியாது. உடை போட்டுக்கொண்டால் பட்டறைக் கதவைக் கைப்பிடி சுற்றித் திறக்கலாம். நடைவழி கடந்தால் வசிப்பறைக் கதவில் சின்னக் கண்ணாடி உண்டு. என் கண்ணால் பார்த்தால் போதும்.

டெல்வின், நான் திரும்பி வரவில்லையென்றால் இந்தத் திரை முன்னால் உட்கார்ந்துவிடாதீங்க. நேரே அவளிடம் போங்க. இங்கே எப்போது வந்து பார்த்தாலும் அவள் கையசைத்துக்கொண்டுதான் இருப்பாள்.