ஐம்பது வருசம் வாசிச்சவை

அன்பான அம்மாவுக்கு,

செவ்வாய்க்கிழமை பின்னேரம் நாலு பத்துக்கு ஒரு செய்தி வந்தது. பயப்பிடாதேங்கோ, நான் சுகம்தான். உங்கட கால்வீக்கம் வத்திட்டுதோ?

நான் விரும்பிக் கேக்கிற வேல்ஸ் நாட்டு ரொக் இசைக்குழு, ஐம்பது வருசம் வாசிச்சுப்போட்டு, இனி வாசிக்கமாட்டினமாம். "உந்த ஒரு பாட்டு முடியிறதுக்குள்ள நான் குளிச்சு, சீலை கட்டி வெளிக்கிட்டிடுவன்" எண்டு உங்கட மருமகள் செரீனா பகிடி பண்ணுவாளே, அவைதான்.

லிஃப்ட் திருத்துற இடத்தில என்னோட நிக்கிற பெடியள் பகிடிக்கு, "உன்ர இழப்புக்கு வருந்துறம்" எண்டு மெசேஜ் அனுப்புறாங்கள். மாசியில செரீனா செத்தபோதும் இதே வசனம்தான் அனுப்பினவங்கள். வீட்டை போனால் அவளின்ர அலுமாரி, இஞ்சை நிண்டால் இந்த மெசேஜுகள்.

ஒராளுக்கு எவ்வளவு அரிசி போடுறது எண்டு எழுதி அனுப்புங்கோ. அவசரமாய் எழுதுறன். எடுத்தால் கிடைக்காது, ஃபோனை நிப்பாட்டிப்போட்டன்.

கிளிபோட்