வார்டன் அறை வாசலில் உன் அப்பா

திருச்சுழி பஸ்ஸில் இன்று பக்கத்து சீட்டுக்காரர் குறட்டை விட்டார். தொண்டைக்குள் தண்ணீர் கொதிப்பதுபோல ஒரு சத்தம். பிறகு ஓர் இடைவெளி. தோளைப் பிடித்து உலுக்கிவிட்டேன். விழித்தவர், "ஏம்ப்பா, மனுசன் அசந்து தூங்கக் கூடாதா?" என்று வைதார். பின்சீட்டுப் பெண்கள் சிரித்தார்கள். நான் அவர் உதடுகளின் நிறத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். வெற்றிலைச் சிவப்பு. அப்புறம்தான் எனக்கு மூச்சு வந்தது.

அன்றைக்குக் கல்லூரி விடுதி அறையில் நீ போட்ட சத்தமும் அதுதான். மதியச் சாப்பாட்டுக்கு வரவில்லையே என்று தேடி வந்தேன். சுவரைப் பார்த்துப் படுத்திருந்தாய். திருப்பினால் உதடு சாம்பல் நிறத்தில் இருந்தது. அடித்தும் எழுப்பிப் பார்த்தேன், எழவில்லை.

லீவு நாட்களில் அருப்புக்கோட்டைக் குடோனில் வத்தல் மூட்டை தூக்கப் போவாய். நீ போட்டிருந்தது, அங்கே பிடித்த முதுகுவலிக்கு யாரோ கொடுத்த, போதை தரும் வலி மாத்திரை. "மூட்டைய எறக்கி வச்சிரலாம்லே, முதுக எங்க எறக்கி வைக்க?" என்பாய். வலி போன பிறகும் மாத்திரை போகவில்லை. பங்குனிப் பொங்கலுக்கு உன் ஊர் பரளச்சிக்குப் போனவன் அதை விட்டுவிட்டு, கன்னம் தெளிந்து திரும்பி வந்தாய். வந்தவன் மறுபடியும் பழைய அளவையே போட்டாய். விட்டிருந்த உடம்பு அதைத் தாங்காது என்று பிற்பாடு ஒரு டாக்டர் சொன்னார். நம்மிடம் யாரும் அதுவரை சொல்லவில்லை. மாத்திரை விற்றவன் சொல்லவா போகிறான்?

விடுதி விதிப்படி நம் கைபேசிகள் வார்டனின் மேசைக்குள் பூட்டிக் கிடந்தன. ஓடிப்போய்ச் சொன்னேன். வந்து நிலைப்படியிலேயே நின்று பார்த்தார். "கொறட்ட விட்டுத் தூங்குறான். தெளியட்டும். மொதல்ல இவுக அப்பாவ வரச் சொல்லுவோம்" என்றார். முடி வெட்டாவிட்டாலும், வருகை குறைந்தாலும், சண்டை போட்டாலும் நம் கல்லூரிக்குத் தெரிந்த ஒரே வைத்தியம் அதுதானே. ஆம்புலன்சைக் கூப்பிடுங்கள் என்று கத்தினேன். ஆம்புலன்ஸ் வந்தால் போலீஸ் வரும், பேப்பரில் வரும் என்று சொல்லிவிட்டு மேசைச் சாவியைப் பைக்குள் போட்டுக்கொண்டார்.

உன் அப்பா பஸ் மாறி வந்து சேர்ந்தார். இஸ்திரி போட்ட சட்டை. பீஸ் விவகாரம் என்று நினைத்திருப்பார். வார்டன் அறை வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டுக் கைகூப்பி நின்றார். "தெரியாம எதுவும் பண்ணிருந்தா மன்னிச்சிருங்க சார். நான் கண்டிச்சு வைக்கிறேன்."

அவர் மன்னிப்புக் கேட்டுக்கொண்டிருக்கும்போதே அறையில் உன் குறட்டை நின்றுவிட்டது. உன் பக்கத்தில் உட்கார்ந்திருந்த பையன் நிம்மதியாகச் சொன்னான்: "சத்தம் நின்னுருச்சு, இனி நல்லாத் தூங்குவான்."

உடல்நலக் குறைவு என்று அறிவிப்புப் பலகையில் எழுதினார்கள். ஒரு நிமிட மௌனம், அரைநாள் லீவு. இப்போது அதே வாசலில் 'போதையில்லா வளாகம்' என்று ஆளுயர பேனர் இருக்கிறது. அதன் முன்னால் கையை நீட்டி உறுதிமொழி எடுத்துப் படம் பிடித்துக்கொள்கிறார்கள். ஆம்புலன்சைக் கூப்பிடுகிறவனுக்குத் தண்டனை கிடையாது என்று ஒரு வரி எழுதிப் போடுங்கள் என்று கல்லூரி முதல்வரிடம் கேட்டுப் பார்த்தேன். "அப்படிப் போட்டா நம்ம காலேஜ்ல மாத்திரை இருக்குன்னு நாமளே ஒத்துக்கிட்ட மாதிரி ஆயிரும் தம்பி" என்றார். டீ வாங்கிக் கொடுத்து அனுப்பினார்.

அதனால் கல்லூரிக்கு எதிரே இருக்கிற கடையில் உட்கார்ந்து, வருகிற பையன்களிடம் நானே சொல்கிறேன். அந்தக் குறட்டை தூக்கம் இல்லை. எழுப்பியும் எழாவிட்டால் முதலில் நூற்றெட்டைக் கூப்பிடு. மூச்சிருந்தால் ஒருக்களித்துப் படுக்க வை. மூச்சு நின்றால் போனில் இருக்கிறவர்கள் சொல்கிறபடி செய். விட்டுவிட்டு ஓடாதே. என்ன மாத்திரை என்று மறைக்காமல் சொல், அதை முறிக்க ஆஸ்பத்திரியில் மருந்து இருக்கிறது. ஒருவன் கேட்டான், "தெரிஞ்சா டீசி குடுத்துருவாங்களேண்ணே?" குடுப்பாங்க, அத வாங்கிக்கிற ஆளு உசுரோட இருக்கணும்ல என்றேன்.

போன மாதம் அவனே நூற்றெட்டைக் கூப்பிட்டான். அவன் அறைத்தோழன் பிழைத்துக்கொண்டான். இரண்டு பேருக்கும் டீசி கொடுத்துவிட்டார்கள். கூப்பிட்டவன் இப்போது அருப்புக்கோட்டையில் செல்போன் கடையில் நிற்கிறான். அவன் அம்மா என்னோடு பேசுவதில்லை. நேற்று அவனைப் பார்க்கப் போனேன். கோபமாக இருப்பான் என்று நினைத்தேன். இல்லை. யாருடைய போனுக்கோ கண்ணாடி ஒட்டிக்கொண்டே, தலை நிமிராமல் ஒன்று கேட்டான். இனி நான் சுமக்கப்போவது அதைத்தான்.

"ஒங்க கூட்டாளிக்காக அன்னைக்கு யாருமே போன் போடலயாண்ணே?"

"போட்டாகடா," என்றேன். "அவுக அப்பாவுக்கு."