தேள் இருக்கிறது, இன்ஜின் இல்லை

மாப்ளே,

இன்று காலை எங்கள் போலீஸ் ஸ்டேஷனுக்கு எதிர்க்கடையில் விறகு நனைந்துவிட்டதென்று முந்திரிக்கொட்டை ஓடுகளை அள்ளிப் போட்டு டீ அடுப்பை எரித்தார்கள். அந்தக் கறுப்புப் புகை ரோட்டைத் தாண்டி நேராக என் மேஜைக்கு வந்தது. மற்றவர்களுக்குக் கண் எரிந்தது, இருமினார்கள், கடைக்காரனைத் திட்டினார்கள். எனக்கு வலது கை எரிந்தது. எரிந்திருக்க வேண்டிய நாளில் எரியாமல் தப்பித்த கை. எழுந்து வெளியே போனேன், உள்ளே வந்தேன், குழாயில் கையைக் கழுவினேன், மறுபடியும் போய்க் கழுவினேன். ரைட்டர் நிமிர்ந்து பார்த்து, "என்னங்க, கையில ஏதாச்சும் பட்டுடுச்சா?" என்றார். ஒன்றுமில்லை என்றேன்.

ஒன்றுமில்லை என்று சொல்லிச் சொல்லியே பத்து வருஷத்தை ஓட்டிவிட்டேன். மத்தியானச் சாப்பாட்டைப் பாதியில் மூடி வைத்துவிட்டு இதை எழுதுகிறேன். நீ படிக்கப் போவதில்லை, தெரியும். ஆனாலும் உனக்கு நான் செய்ததை ஒரு தடவையாவது ஒளிக்காமல் முழுசாக எழுதிப் பார்க்க வேண்டும். நடுவில் எழுந்து ஓடாமல் இருந்தால் சரி.

ஜெயங்கொண்டத்து சலூன் வாசலிலிருந்து ஆரம்பிக்கிறேன். ஞாயிற்றுக்கிழமை பத்து மணிக்கெல்லாம் நம் பச்சைக் கூட்டம் அங்கே சேர்ந்துவிடும். ஊரில் மற்ற இளவட்டங்கள் மேட்னி ஷோவுக்குக் காத்திருக்கும்போது, நாம் சட்டையைக் கழற்றிப் போட்டுவிட்டு அவரவர் குத்திக்கொண்ட பச்சையைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்போம். டெய்லருக்குத் தோளில் கத்தரிக்கோல். ஆட்டு வியாபாரிக்கு முழங்கையிலிருந்து மணிக்கட்டுவரை ஏழு பிள்ளைகளின் பேர். எட்டாவது பிறந்தபோது இடமில்லாமல் மறு கைக்குப் போனார். லாரி கிளீனர் ஒருவன் மெட்ராஸில் குத்திக்கொண்ட கப்பலை, வயிற்றை எக்கியும் தள்ளியும் அலையில் ஆட்டிக் காட்டுவான். சவரம் செய்துகொள்ள வந்தவர்கள் முகத்தில் நுரையோடு எட்டிப் பார்த்து நம்மைப் பைத்தியங்கள் என்பார்கள்.

புதிதாகக் குத்திக்கொண்டு வந்தவன் மூன்று கேள்விகளுக்குப் பதில் சொல்லியாக வேண்டும். எந்தத் திருவிழா, யார் குத்தியது, அழுதாயா இல்லையா. அழவில்லை என்றால் யாரும் நம்ப மாட்டார்கள். அவன் பொய் சொல்கிறான் என்று கூட்டம் முடிவு செய்துவிட்டால், அவனுடைய அடுத்த படத்தைக் கூட்டம்தான் தேர்ந்தெடுக்கும். அப்படித்தான் டெய்லரின் முதுகில் தவளை வந்து உட்கார்ந்தது. நீ ஒருவன்தான் ஒவ்வொரு தடவையும் எழுந்து நின்று, "அழுதேன்டா, மூக்கு ஒழுக அழுதேன்" என்று மேடைப் பேச்சுப் போலச் சொல்வாய்.

கல்லங்குறிச்சித் தேருக்குப் போனபோது, பேட்டரி மெஷின் வைத்துப் பச்சை குத்துகிறவரிடம் ரயில் இன்ஜின் வேண்டுமென்று நீ அடம் பிடித்தாய். அவருடைய கண்ணாடிச் சட்டத்துக்குள் மயில் இருந்தது, வேல் இருந்தது, தேள் இருந்தது, அம்பு பாய்ந்த நெஞ்சு இருந்தது. இன்ஜின் இல்லை. பீடிக்கட்டுக் காகிதத்தில் நீயே வரைந்து கொடுத்தாய். அரை மணி நேரம் மெஷின் வண்டு மாதிரி இரைந்தது. ரத்தத்தைத் துடைத்துப் பார்த்தால், உன் வலது முழங்கைக்குக் கீழே புகை விடும் மண்ணெண்ணெய் ஸ்டவ் ஒன்று இருந்தது.

"இதுல டீ போட்டுக் குடுடா" என்று கூட்டம் உன்னை ஓட்டியது. நீ கொஞ்சமும் அசரவில்லை. கையை மடக்கி நீட்டி, மடக்கி நீட்டி, "ஓடுது பாரு, ஓடுது பாரு" என்றாய். அன்றைக்கு அதே மெஷினில், கையில் அதே இடத்தில், நான் தேள் குத்திக்கொண்டேன். சட்டத்துக்குள் இருந்த தேள். எனக்கு எப்போதுமே சட்டத்துக்குள் இருக்கிற படம்தான் தைரியம்.

போலீஸ் செலக்‌ஷனுக்கு நம் இருவருக்கும் கார்டு வந்தது முந்திரிக் காய்ப்பு முடிகிற சமயம். உன் அப்பாவும் என் அப்பாவும் ஒரே ஆளின் தோப்பில் கொட்டை பொறுக்கினவர்கள். கொட்டையின் பால் பட்டுப் பட்டு அவர்கள் விரல் நுனியில் ரேகையே தேய்ந்து போயிருந்தது. பிள்ளைகளும் அந்தத் தோப்புக்குள் போய்விடக் கூடாது என்பதைத் தவிர நம் வீடுகளில் வேறு ஆசை இல்லை. எனக்கு இன்னும் இரண்டு வருஷம் வயசு இருந்தது. உனக்கு அதுதான் கடைசி வாய்ப்பு, அடுத்த முறை வயசு தாண்டிவிடும். அது எனக்கு நன்றாகத் தெரியும். தெரியாது என்று மட்டும் சொல்ல மாட்டேன்.

அந்தப் பாழாய்ப்போன சேதியைக் கொண்டு வந்தது நான். விருத்தாசலம் பஸ்ஸில் பக்கத்து சீட்டுக்காரர் சொன்னார். அவருக்கு யாரோ ஓர் ஏட்டையா சொன்னாராம். முழங்கைக்குக் கீழே பச்சை இருந்தால் எடுக்க மாட்டார்கள், அரைக்கைச் சட்டை போட்டால் தெரியும் என்று. பஸ்ஸை விட்டு இறங்கினதும் ஓடி வந்து உன்னிடம் கொட்டினேன். விவரம் தெரிந்த யாரையாவது கேட்கலாம் என்று இருவருக்கும் தோன்றவில்லை. ஒரு போலீஸ்காரரிடம் போய்ப் பேசப் பயந்த இரண்டு பேர்தான் போலீஸ் வேலைக்குப் புறப்பட்டிருந்தோம்.

நீ கையைத் திருப்பி இன்ஜினைப் பார்த்துவிட்டு, "மருவ எதுலடா எடுப்பாங்க?" என்றாய்.

நம் பக்கத்தில் மருவுக்கு முந்திரிப்பால்தான். பச்சைக் கொட்டையை உடைத்தால் ஓட்டிலிருந்து கசியும் அந்தக் கறுப்பு எண்ணெய் பட்ட இடம் வெந்து, உரிந்து, அடியில் புதுத் தோல் வரும். மருவே போகிறபோது பச்சை போகாதா? வேறு எந்த ஊர்க்காரனுக்கும் இந்தப் புத்தி வந்திருக்காது. செலக்‌ஷனுக்குப் பன்னிரண்டு நாள் இருந்தது. "பத்து நாள்ல ஆறிடும்" என்று நீயே முடிவு செய்தாய்.

மத்தியான வெயிலில் தோப்பில் ஆள் நடமாட்டம் இல்லை. மரத்தடியில் கல்லை வைத்துக் கொட்டையை உடைத்தோம். வேப்பங்குச்சியால் எனக்கு நீ தடவினாய், உனக்கு நான் தடவினேன். உன் இன்ஜினின் சக்கரம், கூண்டு, புகை ஒன்றையும் விடாமல் தடவியது நான்தான். வாழைச் சருகு வைத்துத் துணியால் கட்டிக்கொண்டோம். கொஞ்ச நேரம் ஒன்றும் தெரியவில்லை. பிறகு என் கையிலிருந்த தேள் நிஜமாகவே கொட்டியது. "தண்ணி குடிச்சுட்டு வரேன்டா" என்று எழுந்து, கொட்டை உடைக்கிற கொட்டகைக்குப் போனேன்.

அங்கே வேலை செய்கிற பெண்கள் கை வேகாமலிருக்கப் பூசிக்கொள்ளும் ஆமணக்கெண்ணெய்ச் சட்டி இருந்தது. கட்டை அவிழ்த்தேன். சருகை எறிந்தேன். எண்ணெயை அள்ளி அள்ளி விட்டுத் துடைத்தேன், சாம்பல் போட்டுத் தேய்த்தேன், மறுபடியும் எண்ணெய் விட்டேன். துணியை முன்பு இருந்தது போலவே கட்டிக்கொண்டு வந்து உன் பக்கத்தில் உட்கார்ந்து, "எரியுதுடா" என்றேன். நீ பல்லைக் கடித்துக்கொண்டு, "பொறுத்துக்க மாப்ளே, வேல கெடச்சா எல்லாம் ஆறிடும்" என்றாய். உன் நெற்றியெல்லாம் வியர்வை.

வாடா, துடைச்சுடலாம். இரண்டே சொல். ஏன் சொல்லவில்லை? பயந்துவிட்டேன் என்று ஞாயிற்றுக்கிழமை கூட்டத்தில் எல்லாரும் சிரிப்பார்களே என்ற வெட்கம். வெட்கம் மட்டும்தானா, ஒருவேளை சேதி பொய்யாக இருந்தால் எனக்கு ஒரு போட்டி குறையும் என்று உள்ளே எங்காவது ஓர் எண்ணம் ஓடியதா? இந்தக் கேள்வி வருகிற நாளில் என்னால் ஓரிடத்தில் உட்கார முடியாது. இப்போதுகூட எழுந்து வாசல்வரை போய்விட்டுத்தான் வந்திருக்கிறேன்.

ஐந்தாம் நாள் உன் கை வீங்கிக் காய்ச்சல் கண்டது. உன் அம்மா மஞ்சளும் வேப்பிலையும் அரைத்துப் போட்டார். கட்டுப் போட்ட நல்ல கையோடு நான் உன் பாய் ஓரத்தில் உட்கார்ந்திருந்தேன். அந்த மகராசி எனக்கும் சேர்த்து அரைத்தார்.

திருச்சி மைதானத்தில் ஓட்டத்தில் நீதான் முதல். நான் நடுவில் எங்கேயோ வந்தேன். உயரமும் மார்பளவும் இருவருக்கும் சரியாக இருந்தன. டாக்டர் பார்க்கிற வரிசையில் நிற்கும்போதுதான், நமக்கு முன்னால் நின்றவன் முன்கையில் உள்ளங்கை நீளத்துக்கு வேல் இருந்ததைப் பார்த்தோம். அவனைத் தேர்வு செய்து அனுப்பிவிட்டார்கள். நீ திரும்பி என்னைப் பார்த்தாய். நான் தரையைப் பார்த்தேன். பிறகு மூத்திரம் வருகிறது என்று ஒதுங்கிப் போய் என் கட்டை அவிழ்த்து எறிந்துவிட்டு வந்தேன்.

டாக்டர் உன் துணியை எடுக்கச் சொன்னார். இன்ஜின் போயிருந்தது. அது இருந்த இடம் சிவந்து, ஓரமெல்லாம் சீழ் வைத்திருந்தது.

"என்னப்பா இது, தோல் வியாதியா?"

"இல்லீங்க சார். பச்ச இருந்துச்சு, அழிச்சுட்டேன்."

"எதுக்கு?"

நீ அவிழ்த்த துணியை விரலில் சுற்றிக்கொண்டிருந்தாய். நான் சொல்லியிருக்கலாம். உனக்குப் பின்னால் ஒரு முழம் தள்ளித்தான் நின்றிருந்தேன். அவர் உன் சீட்டின் குறுக்கே ஒரு கோடு போட்டுத் தள்ளிவைத்தார். அடுத்து என் கையைத் திருப்பிப் பார்த்து, "தேளா? நல்லதாப் போச்சு, அடையாளம் தேட வேண்டியதில்ல" என்றார். பக்கத்திலிருந்த கிளார்க் எழுதிக்கொண்டார். அங்க அடையாளம்: வலது முன்கையில் பச்சை குத்திய தேள்.

வெளியே வேப்பமரத்தடியில் என் கையைப் பிடித்துத் திருப்பிப் பார்த்தாய். "என்னடா, உனக்கு ஒண்ணுமே புடிக்கலயா?" என்றாய். "என் தோல் தடிமன்டா" என்றேன். சிரித்தாய். "தடிமன்தான்" என்றாய். எனக்குக் காகித வேலை பாக்கி இருந்தது. நீ தனியாக அரியலூர் பஸ் ஏறினாய்.

அதற்குப் பிறகு நீ சுண்ணாம்புக்கல் லாரி ஓட்டப் போனாய். எனக்கு ராமநாதபுரம், சேலம், தர்மபுரி என்று மாற்றல். எங்கே போனாலும் உன் இன்லேண்ட் லெட்டர் தேடி வந்தது. ஒவ்வொன்றிலும் பேனாவால் ஒரு படம். "பதினொண்ணு. சங்கு. சிறுவாச்சூர்ல குத்துனது. அழுதேன்." "பதினாலு. கிளி. குத்துனவன் போதையில இருந்தான், காக்கா மாதிரி இருக்கு. குத்துறப்ப அழல, பாத்துட்டு அழுதேன்." கடைசி வரி எப்போதும் ஒன்றுதான். "உனக்கு எத்தன ஆச்சு? எப்ப வர்ற?" எனக்கு அந்த ஒரு தேளோடு நின்றுவிட்டது. நலம், நலமறிய ஆவல் என்று கார்டில் மூன்று வரி எழுதிப் போடுவேன். உன் கல்யாணத்துக்கு வரவில்லை, பந்தோபஸ்து என்று எழுதினேன். உன் மகளுக்குக் காது குத்தியபோது வரவில்லை, எலெக்‌ஷன் என்று எழுதினேன்.

அப்புறம் அரியலூருக்கே மாற்றிவிட்டார்கள். உன் வீட்டுக்கு பஸ்ஸில் ஒரு மணி நேரம்கூட ஆகாது. ஐந்து மாசம் இந்த ஊரில் இருந்துகொண்டு உன்னைப் பார்க்காமல் இருப்பதற்கு நான் பட்ட பாடு கொஞ்சமா? கல் லாரிகள் போகிற நேரத்தில் அந்த ரோட்டில் எனக்கு வேலை வராமல் பார்த்துக்கொண்டேன். உனக்குக் காமாலை என்று கேள்விப்பட்டேன். நாளைக்குப் போகலாம் என்றிருந்தேன். நாளைக்குப் போகலாம் என்று மறுநாளும் இருந்தேன். அதற்குள் நீ இல்லை என்று சேதி வந்துவிட்டது.

கருமாதிக்குத்தான் உன் வாசலை மிதித்தேன். உன் மனைவி என் முகத்தைப் பார்க்கவில்லை, கையைத்தான் பார்த்தாள். "தேள் அண்ணனா?" என்றாள். உட்காரச் சொல்லி ஒரு செம்பு தண்ணீர் கொடுத்தாள். நான் கேட்காமலே சொல்ல ஆரம்பித்தாள்.

"அன்னைக்குத் தோப்புல அவருக்கும் தாகமெடுத்து ஒங்க பின்னாடியே வந்தாராம்ணே. நீங்க எண்ணெ போட்டுத் தொடைக்கறதப் பாத்துட்டு, கூப்புடாம திரும்பிட்டாராம். தானும் தொடச்சுடலாமான்னு இருந்துச்சாம். அப்பறம் வேணாம்னு விட்டுட்டாராம். சேதி நெசமா இருந்தா நான் வேலைக்குப் போயிடுவேன், பொய்யா இருந்தா அவன் போயிடுவான், ரெண்டு பேர்ல ஒருத்தனாச்சும் தோப்ப விட்டுத் தப்பிச்சுடலாமுல்லன்னு நெனச்சாராம். சிரிச்சுக்கிட்டேதான் சொல்லுவாரு."

என் கையில் இருந்த செம்பை எங்கே வைப்பதென்று தெரியவில்லை.

"ஒடம்பு பூரா குத்திக்கிட்டாரு. எடது தோள்ல மட்டும் ஒருத்தரையும் ஊசி வெக்க விடல. நீங்க வந்தா ரெண்டு பேரும் ஒரே படமா குத்திக்கணும்னு விட்டு வெச்சிருந்தாரு. குளிப்பாட்டுறப்ப எல்லாரும் கேட்டாங்க, அந்த எடம் மட்டும் ஏன் சும்மா கெடக்குன்னு." மூக்கைச் சிந்திக்கொண்டாள். "அவருக்குத்தான் ஒங்க மேல கோவமே இல்லியே. பின்ன ஏண்ணே நீங்க ஒரு தரம்கூட வரல?"

உன் உடம்பில் இருந்த படங்களை ஒவ்வொன்றாக லெட்டரில் பார்த்திருக்கிறேன். இப்போது கண்ணை மூடினால் அவற்றில் ஒன்றுகூட வருவதில்லை. நான் பார்க்காத அந்த வெறும் தோள்தான் வருகிறது. டூட்டியில், பஸ்ஸில், சோற்றுத் தட்டுக்கு முன்னால் எங்கே உட்கார்ந்தாலும் அது வந்துவிடுகிறது, நான் எழுந்து நடக்க ஆரம்பித்துவிடுகிறேன். அன்றைக்கு உன் மனைவியிடமாவது உண்மையைச் சொல்லியிருக்கலாம். வெட்கமா இருந்துச்சும்மா, அதான் வரலேன்னு சொல்லியிருந்தால் போதும், அவள் புரிந்துகொண்டிருப்பாள். நான் செம்பைத் தரையில் வைத்துவிட்டு எழுந்தேன். வாசலில் செருப்பைத் தேடிக்கொண்டே, "அங்கங்க டூட்டி போட்டுட்டாங்கம்மா, நகர முடியல. இப்பக்கூட டூட்டி இருக்கு, கெளம்புறேன்" என்றேன்.

அன்றைக்கு எனக்கு லீவுடா.