குருவிக்கு எந்த நிலை?

மார்ச் 4
தங்கை மகள் குருவிக்கு ஆட்டிசம்தான் என்று எழுத்தில் வந்துவிட்டது. முதல் நிலையாம். ஆறு வயதுப் பெண்ணுக்கு நிலை என்ன நிலை? "குறைஞ்ச உதவி போதும்னு அர்த்தமாம்க்கா" என்றாள் தங்கை. அப்பாடா! டாக்டரம்மா தந்த கேள்வித்தாளை நிரப்பியதே நான்தான். தங்கைக்குத் தொழிற்சாலையில் ஷிப்ட். பகல் முழுக்கக் குருவி என் தையல் கடையில்தான் இருப்பாள்.

மார்ச் 11
பள்ளிக்கூடத்தில் முதல் நாள். முதல் நிலைக்குத் தனி உதவியாளர் கிடையாதாம். இரண்டே மணி நேரத்தில் போன் — "வந்து கூட்டிட்டுப் போங்க." சட்டை நனைந்ததென்று வேறு சட்டை போட்டுவிட்டிருக்கிறார்கள். அதைக் கழற்றி எறிந்துவிட்டு, மேஜைக்கடியில் காதைப் பொத்திக்கொண்டு கிடந்தாள். ஐயோ, என் தங்கமே! வாயில் வந்தபடி ஏசிவிட்டு வந்தேன்.

மார்ச் 12
கோபம் அடங்கவில்லை.

மார்ச் 19
பள்ளிக்கூடத்தில் நடந்ததைப் போய்ச் சொன்னதும், டாக்டரம்மா என் பதில்களை எடுத்து வாசித்தார். "தானே உடுத்துவாளான்னு கேட்டதுக்கு ஆமான்னு எழுதியிருக்கீங்க. எப்படி உடுத்துறா?"

சொன்னேன். கழுத்து லேபிளைப் பிரித்துவிடுவேன். தையல் மடிப்பு உறுத்தாமலிருக்க வெளிப்பக்கம் வைத்துத் தைப்பேன். பட்டனே கிடையாது. போடும் வரிசையில் அடுக்கி வைப்பேன். சத்தம் ஆகாதென்று மெஷினை நிறுத்திவிடுவேன்.

"அப்ப பாதி வேலை நீங்க செய்யுறீங்க."

நான் பொய் எழுதவில்லையே! சட்டைக்குள் கையை அவளேதானே விடுகிறாள்? விடுகிறாள்தானே? என்னாலா உதவியாளர் கிடைக்காமல் போச்சு?

மார்ச் 20
மறுபடி நிரப்பினேன். நாற்பத்திரண்டு கேள்வி. "தனியாக முடியாது" என்று எழுத எழுத, அவளைக் காட்டிக்கொடுப்பது போலிருந்தது. குருவி பக்கத்தில் உட்கார்ந்து நூல்கண்டு அடுக்கிக்கொண்டிருந்தாள். அவளுக்குப் படிக்கத் தெரியும். கையால் மறைத்துக்கொண்டு எழுதினேன்.

ஏப்ரல் 8
இரண்டாம் நிலை. உதவியாளர் உண்டு. தங்கை அழுதாள். "மோசமாயிட்டாளாக்கா?"
"அடி போடி! நேத்து இருந்த அதே குருவிதான்."
சொல்லிவிட்டு உள்ளே போய் நானும் அழுதேன். சரியாகத்தான் செய்தேனா? ஒன்றும் புரியவில்லை.

ஏப்ரல் 22
உதவியாளர் சின்னப் பெண். இரண்டு நாள் கடைக்கு வந்து, நான் செய்வதையெல்லாம் ஒன்று விடாமல் எழுதிக்கொண்டாள். இன்று குருவியைப் பள்ளி வாசலில் அவளிடம் விட்டுவிட்டு, வேலை ஓடாமல் மூன்று மணிக்கே போய் நின்றேன். மூன்றரைக்கு இருவரும் வந்தார்கள். குருவி அந்தப் பெண்ணின் சுண்டுவிரலைப் பிடித்திருந்தாள். "வாடி" என்றேன். விடவே மாட்டேன் என்கிறாள், கள்ளி! நல்லதுதானே? நல்லதுதான். பையை வாங்கிக்கொண்டு பின்னாலேயே நடந்தேன்.