ஆறு பேர்ச் காணிக்கு அடுப்பு வாங்காதே

பிலிமத்தலாவை,
ஞாயிறு பின்னேரம்.

மகன் இளங்கோ, அந்தப் பதினைந்து கிலோவாட் அடுப்புக்கு நாளைக்குக் காலையில் முன்பணம் கட்டிவிடாதே, அப்பா போட்டுத் தந்த கணக்கு அடியோடு பிழை என்று இப்போதுதான் கண்டுபிடித்தேன்!

நீயும் சுகன்யாவும் சுகம்தானே, குட்டிக்குச் சளி இறங்கியதா? இங்கே எங்களுக்கு உடம்பில் ஒரு குறையும் இல்லை, மனதுதான் ஒரு இடத்தில் நிற்கமாட்டேன் என்கிறது. வொய்ஸ் மெசேஜ் மேல் மெசேஜ் போட்டேன், ஒன்றையும் நீ கேட்கவில்லை, எழுத்தென்றால் வேலைக்குப் போகிற பஸ்ஸிலாவது வாசிப்பாய் என்று போனிலேயே உட்கார்ந்து எழுதுகிறேன். உன் தங்கச்சி தர்ஷனாவுக்குக் கலஹா பக்கம் டீச்சர் வேலை கிடைத்துவிட்டது, நேற்று பஸ்ஸில் நசுங்கி வந்து "என்னா குளிரும்மா அங்க" என்றாள், அவ்வளவுதான், எனக்கு இத்தாலியில் நடுங்குகிற குட்டியின் ஞாபகம் வந்துவிட்டது. உடனே வீட்டைச் சூடாக்க மரத்தூள் கட்டி எரிக்கிற உங்கள் ஊர் பெலட் அடுப்பு வீடியோக்களைத் தேடி உட்கார்ந்தேன், பார்த்துப் பார்த்து போனே அடுப்பாகிவிட்டது.

தம்பி, அட்டையில் கொட்டை எழுத்தில் போட்டிருக்கிற கிலோவாட் எல்லாம் ஒன்றில்லை. அந்த மரத்தூள் கட்டிகள் எரியும்போது வருகிற மொத்தச் சூடு ஒன்று, அறைக்குள் வந்து சேருகிற சூடு இன்னொன்று. வினைத்திறன் தொண்ணூறு வீதம் என்றால் பத்துப் பங்கில் ஒன்பது உங்களுக்கு, ஒன்று புகைக்குழாய் வழியாக ஆகாயத்துக்கு. அந்தத் தொண்ணூறும் அடுப்பு முழு வேகத்தில் எரியும்போது அளந்தது. சின்ன வீட்டில் பெரிய அடுப்பை வைத்தால் அது பாதி நேரம் அடங்கி எரியும், மீதி நேரம் அணைந்து அணைந்து பற்றும், கண்ணாடி கறுக்கும், குழாயில் கரி பிடிக்கும், கட்டி வீணாகும், குட்டி ஒரு நேரம் வேர்த்து ஒரு நேரம் விறைக்கும். பொருத்திப் பூட்டின பிறகு கடைக்காரர் திருப்பி எடுக்கமாட்டார் என்று நீதானே சொன்னாய்.

பதினைந்து எப்படி வந்தது என்று அப்பாவைக் கேட்டேன். "அவன்தானே ஆறு பேர்ச்னு சொன்னான், பேர்ச்சுக்கு இருபத்தஞ்சு சதுர மீட்டர், பத்து மீட்டருக்கு ஒரு கிலோவாட், கணக்கு சரிதானே" என்கிறார். மாநகர சபையில் வரிக் கணக்குப் பார்க்கிறவர், வீடு என்றாலே அவருக்குக் காணிதான். ஆறு பேர்ச் வீட்டுக்காரம்மாவின் முழுக் காணி, நீங்கள் இருப்பது பின்பக்கத்து இரண்டு அறையும் குசினியும், எல்லாம் சேர்த்து ஐம்பது சதுர மீட்டர் வருமா? "வீட்டுக்காரம்மாவோட திராட்சைப் பந்தலுக்கும் சேத்தா சூடு காட்டப் போறீங்க" என்று கேட்டேன். "பெருசா இருந்தா என்னாடி, ஸ்கூல் ஸ்வெட்டர்கூட ஒரு சைஸ் கூடத்தானே வாங்குனோம்" என்றார். "ஸ்வெட்டர்னா கைய மடிச்சு விடலாம், அடுப்ப எங்க மடிக்கிறது" என்றதும் எழுந்து உள்ளே போய்விட்டார். பேரப்பிள்ளை நடுங்கக் கூடாது என்ற பயம்தான் அவருக்கு, எனக்குத் தெரியாதா.

என் கணக்கில் ஐந்து, கொஞ்சம் கூட்டிப் பிடித்தால் ஆறு கிலோவாட், பழைய சுவர் என்றால் ஏழு. அறைக்கு வருகிற சூடு எவ்வளவு, ஆகக் குறைத்து வைத்தால் எவ்வளவு, இரண்டையும் கடையில் கேள். எதை வாங்கினாலும், காற்று வர சுவரில் விட்ட துவாரத்தைக் குளிர் என்று துணியால் அடைக்கவே கூடாது, சுகன்யாவிடமும் சொல்.

இதை எழுதும்போதே அப்பா டேப்பை எடுத்து வந்து நம் ஹாலை மூலைக்கு மூலை அளக்கிறார். இப்போது என் தோளுக்குப் பின்னால் நின்று, "அம்மா சொல்றது சரின்னு எழுதாத, நாளைக்குக் கட்ட வேணாம்னு மட்டும் எழுது" என்கிறார். எழுதிவிட்டேன்.

கதிர்காமத்து முருகன் உங்கள் மூன்று பேருக்கும் துணை இருக்கட்டும். அங்கே இந்த அடுப்பு வைத்திருக்கிற நம்ம ஆட்களுக்கெல்லாம் இதை அனுப்பு, எத்தனை மீட்டருக்கு எத்தனை கிலோவாட், கண்ணாடி கறுக்கிறதா என்று விசாரித்து எழுது. அதற்கு முன்னால் அறையை அள, கடைக்கு நிறுத்தச் சொல், சொல்லிவிட்டேன் என்று எங்கள் இரண்டு பேருக்கும் ஒரு வார்த்தை போடு.

போனைக் கையிலேயே வைத்திருக்கும்
உன் அம்மா,
நிரஞ்சனி